அம்மா அனுப்பிய படகு

பதினான்காம் மாடிக்கு மேலே, லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தபோது போனில் அந்த வரி வந்தது.

‘அம்மா உங்களுக்கு ஒரு படகு பரிசளித்திருக்கிறார். ஏற்றுக்கொள்கிறீர்களா?’

டிபனை ஓரமாக வைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன்.

படகின் விலை எனக்குத் தெரியும். லிஃப்ட் மெக்கானிக்கான என் ஒன்றரை நாள் சம்பளம். போனுக்குள் மட்டும் மிதக்கிற படகுக்கு.

இந்த மீன்பிடி விளையாட்டை நான் முழு விலை கொடுத்து வாங்கியவன். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, தூண்டிலுக்குத் தனிக் காசு, கூடைக்குத் தனிக் காசு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

ஏழு நாள் விடாமல் வந்தால் பரிசுப் பெட்டி என்றார்கள். ஏழாம் நாள் திறந்தால் உள்ளே ஓர் ஆணி இருந்தது. படகு கட்ட முந்நூற்றுத் தொண்ணூறு ஆணி வேண்டுமாம்.

வாரத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டேன். ஏழரை வருஷம். சனி பிடிப்பதும் அவ்வளவுதான்.

ஆத்திரத்தில், ஆடி அலுத்துப்போன எவனோ ஒருவனின் விளையாட்டுக் கணக்கை விளம்பரம் பார்த்து விலைக்கு வாங்கினேன். படகோடு வந்தது. இரண்டு மாதத்தில் கம்பெனிக்காரர்கள் ஒரு புயலை அனுப்பி எல்லாருடைய படகையும் மூழ்கடித்தார்கள். புதுப் படகு கடையில் கிடைக்கும் என்று மறுநாள் அறிவிப்பு.

இனி ஒரு காசு தரமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அன்றிலிருந்து படகுத்துறையில் நின்றபடியே பொடி மீன் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

விளம்பரத்தில் சொல்லாத ஒன்றும் அந்தக் கணக்கோடு வந்தது. நண்பர்கள் பட்டியலில் ஒரே ஒரு பெயர். ‘அம்மா’.

விற்றவனின் அம்மா.

முதல் நாளே விளையாட்டுக்குள் என் பக்கத்தில் வந்து நின்று, சாப்பிட்டாயா என்று கேட்டார். உங்கள் மகன் கணக்கை விற்றுவிட்டுப் போய்விட்டான் என்று எப்படிச் சொல்வது? ‘சாப்டேன்மா’ என்று எழுதிவிட்டேன்.

ஐந்து மாதம் ஆகிறது. தினமும் மதியம் வருகிறார். நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நானும் தள்ளிக்கொண்டே இருக்கிறேன்.

என் வேலை அப்படி. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து என்னைத் தெய்வமே என்பார்கள். கதவு திறந்ததும் திரும்பிப் பார்க்காமல் ஓடுவார்கள். வீட்டுக்குப் போனால் சுவர்தான். சாப்பிட்டாயா என்று கேட்க இவரை விட்டால் எனக்கு ஆள் இல்லை. அதனால்தான் சொல்லவில்லை. வேறு நியாயம் எதுவும் என்னிடம் கிடையாது.

ஆனால் படகு வேறு விஷயம். மகனுக்கென்று காசு போட்டு வாங்கியது. நான் ஏறினால் அது திருட்டு.

உண்மையைச் சொன்னால், நாளை மதியம் அந்தத் துறையில் நான் மட்டும் நிற்பேன்.

 வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், திருடுவது என்று முடிவு செய்தேன்.

மகன் எப்படி நன்றி சொல்வான்? ஒரு வார்த்தை பிசகினாலும் பெற்றவளுக்குத் தெரிந்துவிடும். அவன் பேசும் விதத்தைப் பழைய பேச்சில் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலே தள்ளினேன். ஒரு மாதத்துக்கு முந்தையதெல்லாம் பூட்டியிருந்தது. திறக்கக் காசு கேட்டது.

சத்தியத்தைக் காற்றில் விட்டுக் காசைக் கட்டினேன்.

இரண்டு வருஷப் பேச்சு திறந்தது. அவர் எழுதியது இடப்பக்கம், மகன் எழுதியது வலப்பக்கம் என்று பிரித்திருந்தார்கள்.

‘சின்னு, நீ போன் எடுக்கல, அதான் இங்க வந்தேன்.’

‘சின்னு, சாப்டியா?’

‘சின்னு, கண் ஆபரேஷன் முடிஞ்சுது. நல்லா தெரியுது.’

‘சின்னு, சாப்டியா?’

தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. எல்லாம் இடப்பக்கம். வலப்பக்கம் ஓர் எழுத்துகூட இல்லை. அவர் பக்கத்தில் நின்றே கேட்டிருக்கிறார். அவன் மீன் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

வலப்பக்கத்தில் முதல் வரி ‘சாப்டேன்மா’. என்னுடையது.

அதற்குக் கீழே அவர் எழுதிய ஐந்து மாதத்தையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். சாப்டியாப்பா. வேலை முடிஞ்சுதாப்பா. சளி பரவாயில்லையாப்பா. சின்னு என்ற பெயர் ஒரு தடவைகூட வரவில்லை.

பதில் வந்த அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிட்டது, இது மகன் இல்லை என்று.

 டிபன் பாக்ஸை மூடி வைத்தேன். ஏற்றுக்கொள்கிறீர்களா என்று போன் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, இடப்பக்கம், ஒரு புது வரி.

‘கலர் பிடிக்கலையாப்பா? கொஞ்சம் காசு குடுத்தா மாத்தித் தருவாங்களாம்.’