வராத கடிதம்

அறுபது வயது முடிந்த மறுநாளே பிரிட்டனின் ஸ்வான்ஸி நகரிலிருந்து கிளெனிஸ் அரசு பென்ஷன் அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"இப்போ கிடைக்காது மேடம். பெண்களுக்குப் பென்ஷன் வயசை ஏத்தியாச்சு. உங்களுக்கு அறுபத்தாறு," என்றான் எதிர்முனை இளைஞன்.



"இன்னும் ஆறு வருஷமா? நேத்துதானே வேலையை விட்டேன், கேக் வெட்டி அனுப்பி வெச்சாங்களே! எங்கிட்ட யாருமே சொல்லலை!"

"எல்லாருக்கும் கடிதம் போட்டோமே. ஊதா விளிம்பு கவர். விளம்பரம்னு குப்பையில போட்டிருப்பீங்க."

கிளெனிஸ் போனோடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி. அச்சகத்துல ரெண்டு வருஷம் அந்தக் கடிதத்தையெல்லாம் மடிச்சு, ஊதா விளிம்பு கவர்ல போட்டு ஒட்டினவளே நான்தான். அடுத்தவங்க கடிதம், படிக்கக் கூடாதுன்னாங்க. ஒண்ணைக்கூடப் படிக்கலை. என் பேருக்கு மட்டும் அது வரவே இல்லை."