உரிமையாளர் கைபேசி எண்

கூடியிருந்த விவசாயிகளில் முதலில் தங்கையனைத்தான் மேடைக்குக் கூப்பிட்டார்கள். வள்ளியம்மை முந்திக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அதுவரை வாசலில் போனும் காதுமாக நின்றவள், போனை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே மேடை ஏறினாள். தங்கையன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் திரும்பித் தன் இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டார்.

கல்யாண மண்டபத்து மேடையில் ஒரு மேசை. மேசை மேல் பலகை மாதிரி ஒரு தொடுதிரை டேப். நாற்காலிக்குப் பின்னால் நோட்டும் பேனாவுமாக மூன்று பேர்.

நடுவில் நின்றவன் செல்லதுரை. சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து கம்பெனி ஆரம்பித்தவன். அறுவடை மெஷினுக்காக இனி யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம், எங்கள் இணையதளத்தில் பதிந்தால் போதும் என்று காலையிலிருந்து மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தான். 'நானும் டெல்டா விவசாயி மகன்தான்' என்று மூன்று தடவை சொல்லியாயிற்று. மூன்று தடவையும் கைதட்டல்.

அவன் மைக்கில் சொல்லாதது ஒன்று உண்டு. சுற்றுவட்டாரத்து மெஷின்களையெல்லாம் கம்பெனி முன்கூட்டியே பேசி மடக்கிவிட்டது. இந்த இணையப் பக்கத்தை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

இன்றைக்குச் சோதனை. பதிகிறவர் தானாகவே பதிய வேண்டும். கூட நிற்பவர்கள் வாய் திறக்கக் கூடாது, கை நீட்டக் கூடாது. எங்கே திணறுகிறார் என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். பதிந்து முடித்தவருக்கு நாளைக் காலையில் வயலில் மெஷின் இறங்கும்.

வள்ளியம்மைக்கு நாளைக் காலையே இறங்கியாக வேண்டும்.

குத்தகை வயல், ஏழு மா. முற்றிய கதிர் சாய்ந்து கிடக்கிறது. தை பிறந்த பிறகும் வானம் மூடிக்கொண்டு நிற்கிறது. ஒரு மழை பிடித்தால் நெல் வயலிலேயே முளைத்துவிடும்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பெரிய எழுத்து. தடித்த விரலுக்கும் தவறாத பச்சைப் பொத்தான்கள். ஒரு கட்டம் முடிந்தால்தான் அடுத்தது. ஏக்கர் என்று மட்டும் இல்லாமல் மா என்றும் போட்டிருந்தான். பரவாயில்லை, விவரமான பிள்ளைதான் என்று அவளே நினைத்தாள்.

கத்தாரில் இருக்கும் மகனுக்குத் தினமும் போனில் எழுதி எழுதி அவள் விரல் பழகியிருந்தது. ஊர், சர்வே நம்பர், ஏழு மா, என்ன ரகம் என்று மளமளவென்று தட்டிக்கொண்டு போனாள்.

பிறகு அந்தக் கட்டம் வந்தது.

நில உரிமையாளர் பெயர். பக்கத்தில் சிவப்பாக ஒரு நட்சத்திரம்.

தன் பெயரைப் போட்டாள். பட்டாவில் இந்தப் பெயர் இல்லை என்றது பக்கம்.

மறுபடியும் தன் பெயரைத்தான் போட்டாள். மறுபடியும் இல்லை என்றது.

அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பதினெட்டு வருஷமாக அந்த வயலில் உழுதது அவள், நட்டது அவள், கடைமடைக்குத் தண்ணீர் வராதபோது மதகடியில் மல்லுக்கு நின்றது அவள். பட்டாவுக்கு அவளைத் தெரியாதாம். வானத்துக்குக்கூட அவளைத் தெரியும்.

முதுகுக்குப் பின்னால் பேனா ஓடியது. திரும்பிப் பார்த்தாள். 'பயனர் தடுமாறுகிறார்' என்று செல்லதுரை எழுதியிருந்தான்.

"அத அடிச்சிடுங்க தம்பி. நான் ஒண்ணும் தடுமாறல. உங்க மெஷின் நெல்ல அறுக்குதா, பட்டாவ அறுக்குதா?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. செல்லதுரைக்குக் காது சிவந்துவிட்டது. வாய் திறக்கக் கூடாது என்ற விதியை அவனே மீறினான்.

"உரிமையாளர் சம்மதம் இல்லாம வயல்ல மெஷின எறக்க முடியாதும்மா. அவர் பேரும் நம்பரும் போடுங்க. அவருக்கு ஒரு ரகசிய நம்பர் போகும், அதக் கேட்டு வாங்கிப் போட்டா முடிஞ்சுது. ரொம்ப ஈஸி."

ரொம்ப ஈஸிதான். பட்டாவில் இருப்பவர் போன ஆடியில் திருச்சியில் காலமாகிவிட்டார். அவருடைய எண் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. உரிமையாளர் சம்மதம் வேண்டும் என்று கம்பெனி ஆள் சொன்ன நாளிலிருந்து, பத்து நாளாக, அதற்கு அடித்துக்கொண்டிருக்கிறாள். மணி போகும். யாரோ அணைப்பார்கள். தெரியாத எண் என்றால் எடுக்காத யாரோ ஒருவர்.

வள்ளியம்மை டேப்பைச் சற்றுத் திருப்பி வைத்தாள், பின்னால் நிற்பவனுக்கும் தெரியட்டும் என்று.

எஸ். பஞ்சநதம் என்று போட்டாள். பக்கம் இந்தத் தடவை மறுப்புச் சொல்லவில்லை.

பேனா நின்றுவிட்டது.

உரிமையாளர் கைபேசி எண். பத்து எண்களையும் அவள் பார்க்காமலே சொல்வாள். இருந்தாலும் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகத் தட்டினாள். பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

டிங் என்று ஒரு சத்தம்.

செல்லதுரையின் சட்டைப் பையிலிருந்து.

இன்று காலையில் மண்டபத்து வாசலில் நின்று அவள் அந்த எண்ணுக்கு அடித்தபோதும் இதே பைதான் ஒலித்தது. மைக்கும் கையுமாக நின்றவன் போனை எடுத்துப் பார்த்தான், அணைத்தான், பைக்குள் போட்டான். நானும் டெல்டா விவசாயி மகன்தான் என்று மூன்றாம் தடவையாகச் சொன்னான்.

திரையில் நான்கு கட்டங்கள் காலியாகக் காத்திருந்தன. வள்ளியம்மை விரலைத் திரையருகே வைத்துக்கொண்டு முழுதாகத் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"உங்கப்பா நம்பருக்கு வந்திருக்கும், பாருங்க தம்பி. சொல்லுங்க, போடுறேன்."