மூன்றாவது மாடிக் கோடுகள்

நூறு வருஷக் கட்டடத்தைப் புதுப்பித்து ஓட்டலாக்கியவர்கள், மூன்றாவது மாடி அறைச் சுவரிலிருந்த பென்சில் கோடுகளை மட்டும் அழிக்காமல் கண்ணாடி போட்டு வைத்திருந்தார்கள்.

"இந்தக் கட்டடத்து முதலாளி, மகளோட உயரத்தை வருஷா வருஷம் குறிச்சு வச்சது சார்," என்றார் மேனேஜர்.

"ஏன் ஆறு கோட்டோட நின்னுடுச்சு?" என்று கேட்டார் புதிதாக வந்த விருந்தாளி.

"பொண்ணு வெளிநாட்டுக்குப் படிக்கப் போயிட்டா. இப்ப அங்கேயே பெரிய டாக்டர்!"

விருந்தாளி குளிக்கப் போனதும், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த வேலைக்காரம்மா மேல் பாய்ந்தார் மேனேஜர்.

"சொல்லி வச்ச மாதிரி, நான் ஆளக் கூட்டிட்டு வர்றப்பதான் துடைக்க வருவியா?"

"இனிமே வரல சார்."

நாளைக்கும் வருவாள். இதே அறையில் வாடகைக்கு இருந்தபோது அந்தக் கோடுகளைப் போட்டவள் அவள்தான். ஏழாவது கோடு போட மகள் உயிரோடு இல்லை.

அந்த மகள் டாக்டரான கதையைச் சொல்ல இந்த மனுஷனை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?