முதல் கைமண்

கரிமூட்டத்தின் உச்சித் துளையில் புகை நீலமாகிவிட்டது.

அவள் பார்த்தாள்.

கருவேல விறகை ஆளுயரத்துக்கு மேல் அடுக்கி, மண் பூசி, தீ வைத்து மூன்று நாள். உள்ளே விறகு வெந்து கரியாகிக்கொண்டிருந்தது. மூட்டத்தைச் சுற்றி, மூக்கில் கைக்குட்டை வைத்த பேராசிரியர்கள். இரண்டு கேமரா. ஒரு மைக்.

கரி சுடுகிறவர்களைப் பற்றிய அந்த நாவலை எழுதியது யார்?

பதினோரு வருடமாகக் கட்டுரை எழுதிச் சண்டை போடுகிறார்கள். எழுத்தாளர் இளஞ்சித்திரன்தான் என்கிறது ஒரு கட்சி. இந்தக் காட்டில் கரி சுட்டே செத்துப்போன வழிவிட்டான் என்கிறது இன்னொரு கட்சி.

வழிவிட்டான் அவளுடைய அண்ணன்.

ஐந்து நோட்டு எழுதியிருந்தான். திருத்தித் தருகிறேன் என்று இளஞ்சித்திரன் வாங்கிப்போனார். புத்தகமாக வந்தபோது அட்டையில் அவர் பெயர். கேட்கப்போன அண்ணனை வாசலோடு திருப்பி அனுப்பினார். பிறகு ஒரு பேட்டியில் சொன்னார்: "வழிவிட்டானா? நான் அங்கே தங்கியிருந்தப்ப டீ வாங்கிட்டு வருவான்."

அதைப் படித்த அன்று அண்ணன் சாப்பிடவில்லை.

அவள் மறக்கவில்லை.

"ஆறு மாசம் மூட்டத்துல வேலை பாத்தேன்னு முன்னுரையில எழுதியிருக்கீங்க," வழிவிட்டான் கட்சிப் பேராசிரியர் ஆரம்பித்தார். "இதை எப்ப மூடணும்னு நீங்களே சொல்லுங்களேன்."

இளஞ்சித்திரன் சிரித்தார். அண்ணாந்து உச்சியைப் பார்த்தார்.

"புகை நீலமாயிடுச்சு. மூடலாம்."

நாவலிலும் அப்படித்தான் இருக்கிறது. புகை நீலமானது. மூடினார்கள்.

எந்தத் துளையில் என்று அண்ணன் எழுதவில்லை. தீ மேலிருந்து கீழே இறங்கும். அடித்துளையில் நீலம் வந்தால்தான் வேலை முடிந்தது. இதைப் போய் எவனாவது எழுதுவானா? கரி சுடுகிறவனுக்கு அது, சோற்றை வாயில் வை என்று சொல்வதுபோல.

அடித்துளையில் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது.

இப்போது மூடினால் கீழ்ப்பாதி கரியாகாது. வெந்தும் வேகாத கட்டையாகக் கிடக்கும். அவளும் அண்ணன் பெண்டாட்டியும் இருபது நாள் கை கொப்பளிக்க வெட்டிய விறகு.

"என்னம்மா, சரிதானா?" மைக்கை அவள் வாய்க்கு நேரே நீட்டினார்கள்.

"ஐயா புஸ்தகமே போட்டவரு. அவருக்குத் தெரியாததா?"

எழுத்தாளர் கட்சி கைதட்டியது.

"ஒரு வழக்கம் இருக்கு. மூடச் சொன்னவுகதான் முதல் கைமண் அப்பணும். கரி எப்படி வந்தாலும் அவுக பேருதான்."

"அதுக்கென்ன, என் பேர்லயே இருக்கட்டும்." இளஞ்சித்திரன் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

குழைத்த மண்ணை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் ஏணியில் ஏறி உச்சித் துளையில் அப்பினார். கேமராக்காரன் இன்னொரு தடவை அழுத்தச் சொன்னான். அழுத்தினார். ஐந்து விரலும் பதிந்தது.

"எப்பம்மா பிரிப்பீங்க?" பேராசிரியர் கேட்டார்.

"அஞ்சாம் நாள். ஒருத்தர் விடாம வந்துருங்க. கேமராவும் வரட்டும்."

வேன் கிளம்பிப்போனது. புழுதி அடங்கும்வரை அவளும் அண்ணன் பெண்டாட்டியும் நின்றார்கள்.

மதினி அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"அடியில இன்னும் வெள்ளையாத்தான வருது, தாயி. இருவது நாள் வெட்டு. மேல அடைச்சது அடைச்சபடி இருக்கட்டும். கீழ மட்டும் வேக விட்டுருவமா? யாரு பாக்கப்போறா?"

அவள் குனிந்தாள். இரண்டு கையிலும் மண்ணை அள்ளி அடித்துளையில் அப்பினாள். புகை விரலிடுக்கில் கொஞ்ச நேரம் முட்டியது. நின்றது.

"மழை கிழை வந்தா, மேல சாக்கு போட்டு மூடுங்க மதினி. அவரு கை பதிஞ்சது அழிஞ்சிரக்கூடாது."