சந்தனமாரி என்ற சர்க்கரை

ஆஸ்பத்திரிக்கு நான் கட்ட வேண்டியது மூன்று லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து அறுநூறு ரூபாய். வெட்டியெடுத்த என் வயிற்றுக் கட்டியில், யாரும் அதுவரை காணாத சர்க்கரை பூசிய புரதம் ஒன்று இருந்ததாம். ரத்தத்தில் அதைத் தேடினால் புற்றுநோய் முளையிலேயே தெரியுமாம்.

“உப்பளத்துக்காரன் வயித்துல சர்க்கரையா?” என்று என் மனைவி சந்தனமாரி சிரித்தாள்.

யார் உடம்பில் கிடைத்ததோ அவர்தான் அதற்குப் பேர் வைக்க வேண்டும் என்பது இப்போது சட்டம். ஒரு ஜவுளிக்கடை முதலாளி வந்து, தன் அப்பா பேரை வைத்தால் கடன் முழுதும் அடைப்பதாகச் சொன்னார்.

“வச்சிருங்களேன். உப்புல கால் வெந்தது போதும்” என்றாள் சந்தனமாரி.

நான் கேட்கவில்லை. ஐம்பது வயதில் எழுத்துப் படித்த கையால் ‘சந்தனமாரி’ என்று எழுதிக் கொடுத்தேன்.

“புத்துநோய்க்கு என் பேரா? ஊரே என்னைத் திட்டும்லா!” என்றவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆறு வருசம் இரண்டு பேரும் உப்பு வாரிக் கட்டினோம். நேற்று கடைசித் தவணைக்கு வரிசையில் நின்றபோது, பக்கத்தில் ஒரு பெண் போனில் அழுதுகொண்டே சொன்னாள்: “அம்மா, ரத்தத்தைச் சோதிச்சாங்க. சந்தனமாரி ஆரம்பத்துலயே நோயைக் காட்டிக் குடுத்துட்டா. பொழச்சிருவேன்மா.”

என் மனைவி பணத்தை வைத்தாள்.

“ரசீது யார் பேருல?” என்று கேட்டார் பணம் வாங்குபவர்.

“சந்தனமாரி” என்றாள், வரிசைக்கே கேட்கிற மாதிரி.