மாமியாரின் வாயசைவு

"நான் வாயைத் திறந்து பேசுறேன், குலவைச் சத்தம் வருது. வாயை மூடிட்டேன், அப்பவும் குலவை நிக்கல. நான் என்ன தொப்புளாலயா குலவை போடுறேன்?"

கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக மப்ரூக்கா பொரிந்து தள்ளினாள். துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் ஊரில் கல்யாண வீடியோ என்றால் லஸாத் கடைதான் என்று புது மருமகள் வஜ்தான் பிடிவாதம் பிடித்ததால் வந்த வினை.

கணினி முன்னால் இருந்த லஸாத் எழுந்தான். "உக்காருங்கம்மா. எந்த இடத்துல?"

"மீன் தாண்டுற இடத்துல. மீதிப் படமெல்லாம் ஒழுங்கா இருக்கு. நான் வர்ற இடத்துல மட்டும் படம் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்!"

அந்த ஊர் வழக்கப்படி, கல்யாணம் முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் தரையில் வைத்த பெரிய மீனை ஏழு தடவை தாண்ட வேண்டும். அதை எண்ணிச் சொன்னவள் மப்ரூக்கா. ஊரே பார்க்க எண்ணியவளுக்குப் படத்தில் இந்தக் கோலம் என்றால் வயிறு எரியாதா?

"வெள்ளிக்கிழமை குஸ்குஸ் சாப்பிட்டுட்டு என் நாத்தனாருங்க எல்லாரும் உக்காந்து பார்க்கப் போறாளுங்க. என்னைப் பார்த்துச் சிரிக்கணுமா?"

வீட்டில் வஜ்தானிடம் காட்டியபோது அவள் என்ன சொன்னாள்? "விடுங்க மாமி, யாரு கவனிக்கப் போறா?" என்றாள். மாமியார் கேலிக்கூத்தானால் அவளுக்கு உள்ளூரக் கொண்டாட்டம்தான் என்று மப்ரூக்கா அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

லஸாத் அந்தக் காட்சியை ஓட்டிப் பார்த்தான். "சத்தத்தைத் தனியாப் பதிஞ்சு படத்தோட ஒட்டுறோம்மா. அந்த இடத்துல நகர்ந்துடுச்சு. என் தப்புதான்."

"தப்புன்னா திருத்து."

"அப்படியே இருக்கட்டுமே. குலவை அங்க நல்லாத்தான் இருக்கு."

"உங்கம்மா கல்யாண வீடியோன்னா இப்படி விடுவியா? திருத்த முடியலைன்னா அந்த இடத்தை வெட்டி எறி!"

"வெட்டினா ஒரு தாண்டல் குறைஞ்சிடும். ஆறுதான் தாண்டினாங்கன்னு உங்க நாத்தனாருங்க விடுவாங்களா?"

விடமாட்டார்கள். ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

"அப்போ என் அசல் குரலை ஒட்டு. இப்பவே, என் கண்ணு முன்னால. இல்லேன்னா எங்க தெருவுல ஒருத்தர் உன் கடை வாசப்படி மிதிக்க மாட்டாங்க!"

கடையில் காத்திருந்த இன்னொரு கல்யாண வீட்டார் காதைத் தீட்டிக்கொண்டார்கள். லஸாத்துக்கு வியர்த்தது. எழுந்தே போய்விடுவார்கள் போலிருந்தது. அவன் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஹெட்போனை அவளிடம் நீட்டினான்.

"நீங்க எண்ணுறது நல்லாக் கேக்கணும்னு அன்னிக்கு உங்க உடுப்புல ஒரு குட்டி மைக் குத்தச் சொன்னேனே? அதுல பதிஞ்சது. நீங்களே கேளுங்க."

மைக்கா? அவளுக்கு அது மறந்தே போயிருந்தது. மேளச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காத நேரம் அது.

திரையில் அவள் வாய் அசைந்தது. இந்த முறை இம்மி பிசகாமல் சத்தமும் வந்தது. எண்ணுவதை நிறுத்திவிட்டு, தங்கையின் காதருகே சாய்ந்து அவளே சொல்கிறாள்:

"தரையில கிடக்கிற மீன் மூஞ்சியில இருக்கிற களைகூட இவகிட்ட இல்லையேடி! என் புள்ளைக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

மப்ரூக்கா ஹெட்போனைக் கழற்றினாள். முகம் வெளிறிவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. வெள்ளிக்கிழமை, வீடு நிறைய ஆட்கள், பெரிய டி.வி...

"இதை... வேற யாரு கேட்டா?" குரல் இறங்கியிருந்தது.

லஸாத் தயங்கினான். "உங்க மருமக. படத்துக்குப் பாட்டு சொல்ல வந்தாங்க, அப்போ கேட்டாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனாங்கம்மா."

"அழுதாளா?"

"இல்லம்மா, ஹெட்போனைக் கழட்டி வச்சாங்க. அப்புறம், 'மாமி போட்ட குலவை எங்கயாவது இருக்கும், அதை எடுத்து இதுக்கு மேல போட்டுடுங்க'ன்னாங்க. 'என் வீட்டுக்காரர் காதுல இது விழவே கூடாது. அவருக்கு அவங்க அம்மான்னா உசுரு'ன்னாங்க."