தலை எண்ணிக்கை

ராஜஸ்தான் மணல்காட்டைக் கடந்து லடாக் மலையேறிய சுற்றுலா வேனில் பதினான்கு பேர். எங்கே நிறுத்தினாலும் வழிகாட்டி தலைகளை எண்ணாமல் வண்டியை எடுக்கவிடமாட்டார். அன்று கணவாயில் அமலராணி கழிப்பறையிலிருந்து வெளியே வந்தபோது வேன் போய்விட்டிருந்தது. கணவன் ஆல்பர்ட் போனை எடுக்கவில்லை. வழிகாட்டி எடுத்தார்.

"எண்ணிட்டுத்தாம்மா கிளம்புனேன். பதினாலு பேரும் இருக்காங்களே."

லாரி, பஸ், ரயில் என்று மாறி மாறி, ஒன்பதாம் நாள் விருத்தாசலத்தில் இறங்கினாள். ஆல்பர்ட்தான் கதவைத் திறந்தான். உள்ளே, அவள் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியில் தன் கையால் பூப்போட்ட கோப்பையில் ஒருத்தி டீ குடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அமலராணியின் அதே முகம்.

"யாருங்க வாசல்ல?" அதே குரல்.

"அட்ரஸ் மாறி வந்துட்டாங்க" என்றான் ஆல்பர்ட். பிறகு கதவைப் பாதி சாத்திக்கொண்டு அமலராணியிடம் குனிந்தான்.

"மெதுவா பேசு. நீ இன்னும் இருக்கறது அவளுக்குத் தெரியாது."